விதியா? வீதியா?

ஏட்டைப் புரட்டுகிறோம். முதல் பக்கத்திலே அமைச்சர்கள் பேசுகிறார்கள். நடுப்பக்கத்திலே தலையங்கம் முழங்குகிறது. கடைசிப் பக்கத்திலே ஆட்டக்காரர்கள் பந்தடிக்கிறார்கள். எங்கோ ஒரு மூலையிலே, கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய இடத்திலே, நான்கு வரிச் செய்தி ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது: ‘சாலையைக் கடக்க முயன்றவர் வாகனம் மோதிப் பலி.’

கடக்க முயன்றாராம்!

தோழர்களே, அந்தச் சொல்லைச் சற்றே உற்று நோக்குங்கள். கொள்ளையடிக்க முயன்றார் என்கிறோம். தப்பியோட முயன்றார் என்கிறோம். அந்த வரிசையிலே, சாலையைக் கடக்க முயன்றார்! வேலைக்குப் போகிறவன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது ஒரு முயற்சி; அதுவும் ஒரு குற்றச்செயலின் சாயல் படிந்த முயற்சி! மோதிய வாகனம் எந்த வேகத்திலே வந்தது? செய்தியிலே இல்லை. அந்த இடத்திலே கடப்பதற்கு வழி இருந்ததா? செய்தியிலே இல்லை. விளக்கு எரிந்ததா? செய்தியிலே இல்லை. இறந்தவன் ‘முயன்றான்’ என்பது மட்டும் இருக்கிறது. செத்தவனே தன் சாவுக்குச் சாட்சி, செத்தவனே குற்றவாளி, செத்தவன் மீதே தீர்ப்பு!

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை. ஏன் ஏற்பதற்கில்லை என்பதைத்தான் இன்று எடுத்துரைக்க வந்துள்ளோம்.

தென்னாட்டுக்குச் செல்லும் பெருவழி

கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் வரை செல்லும் ஜி.எஸ்.டி. சாலையை அறியாதவர் நம்மிலே இல்லை. தெற்கேயிருந்து தலைநகர் வந்த ஒவ்வொருவனும், மூட்டையோடும் முகவரிச் சீட்டோடும், அந்தச் சாலை வழியாகத்தான் உள்ளே நுழைந்தான். நெடுங்காலம் 45ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர் பெற்றிருந்தது அது. ஒரு புறம் விமான நிலையம்; மறுபுறம் இருப்புப்பாதை. வானத்திலே பறப்பவனுக்கும் வழி இருக்கிறது. தண்டவாளத்திலே ஓடுபவனுக்கும் வழி இருக்கிறது. 1931ஆம் ஆண்டிலேயே மின்சார ரயில் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. இரண்டுக்கும் இடையிலே, இரண்டு கால்களால் நடப்பவனுக்குத்தான் வழியில்லை!

இந்தப் பாதையிலேதான் பல்லாவரம் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியலாளர் அங்கே ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வெறும் கல்லல்ல, பழைய கற்கால மனிதன் தன் கையால் செதுக்கிய கோடரி. இந்த மண்ணிலே மனிதன் எத்தனை தொன்மையானவன் என்பதை உலகுக்கு உரைத்த கல் அது. கல்லாயுதம் ஏந்திய அந்த ஆதி மனிதன் காட்டு விலங்குக்கு அஞ்சி நடந்திருப்பான். அவன் பேரன், எழுத்தறிந்தவன், இயந்திரம் அறிந்தவன், அதே பல்லாவரத்திலே இன்றும் அஞ்சித்தான் நடக்கிறான். விலங்கு மாறிவிட்டது, அச்சம் மாறவில்லை!

குரோம்பேட்டை என்ற பெயரே ஒரு தோல் தொழிற்சாலை தந்த பெயர். குரோம் லெதர் என்ற ஆலை இருந்த பேட்டை, குரோம்பேட்டை. அடுத்து சானடோரியம், காசநோயாளிக்கு நல்ல காற்று கிடைக்கட்டும் என்று 1928ஆம் ஆண்டு மருத்துவர் சௌரிமுத்து அமைத்த நிலையத்தால் வந்த பெயர். நல்ல காற்றுக்காகத் தேடிப்போன இடம் அது! அதையொட்டி, 1984 முதல் ஏற்றுமதி வளாகம். ஆக, தொழிலாளியின் வியர்வையால் பெயர் பெற்ற ஊர்கள், தொழிலாளியின் காலடியால் தேய்ந்த சாலை. அந்தக் காலடிக்குத்தான் அங்கே இடமில்லை.

நின்றோம், கண்டோம்

மாலை ஆறு மணி. அந்தச் சாலையின் ஓரமாக ஒரு பஸ் நிறுத்தத்திலே நாம் நின்றோம். ஷிப்ட் முடிந்து வருகிறார்கள் தொழிலாளத் தோழர்கள். கையிலே சாப்பாட்டுத் தூக்கு, தோளிலே பை, முகத்திலே களைப்பு. ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரிகிறது. வண்டி வரும் ஓசையும் கேட்கிறது. இடையிலே சாலை. சாலையின் நடுவிலே இடுப்பளவு தடுப்புச்சுவர்.

ஒரு அம்மையார். வயது அறுபதை எட்டியிருக்கும். வீட்டு வேலை முடித்துத் திரும்புகிறவர் போலத் தோன்றியது. சாலை ஓரத்திலே நின்று வலப்பக்கம் பார்க்கிறார். ஒரு அடி வைக்கிறார், பின்வாங்குகிறார். மீண்டும் ஒரு அடி, மீண்டும் பின்வாங்கல். பக்கத்திலே நான்கு பேர் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் ஆனார்கள். யாரோ ஒரு இளைஞன் கையை நீட்டினான். அந்தக் கை ஒன்றுதான் அவர்களுக்கு சிக்னல்! கூட்டமாக இறங்கினார்கள். கார் ஒன்று குரைத்துக்கொண்டே நின்றது. மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்காமல் இடைவெளியிலே நுழைந்து பறந்தது. பாதிச் சாலை கடந்தாயிற்று. இளைஞர்கள் சுவரைத் தாண்டினார்கள். அந்த அம்மையாரோ சேலையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரின் மீது உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் எடுத்துவைத்தார். அப்படி உட்கார்ந்திருந்த அந்த நொடியிலே அவர் நம்மைப் பார்த்துச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு! வெட்கமா அது, வேதனையா அது, ‘என்ன செய்ய, தம்பி’ என்ற கேள்வியா அது, நமக்கு விளங்கவில்லை.

“தினமும் இப்படித்தானா, அம்மா?” என்று கேட்டோம், அக்கரை சேர்ந்தபின்.

“ரெண்டு வேளையும் இப்படித்தான், தம்பி. விதி நல்லா இருந்தா வீடு போய்ச் சேருவேன்” என்றார்.

விதி! அந்தச் சொல்லைத்தான் நாம் விசாரிக்கவேண்டியிருக்கிறது.

கணக்கு பேசட்டும்

கண்ணீர் பேசியது போதும்; கணக்கு பேசட்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு, 2022ஆம் ஆண்டுக்கானது. அந்த ஓராண்டிலே இந்தியத் துணைக்கண்டத்திலே சாலை விபத்தில் மாண்டவர் 1,68,491 பேர். மணிக்கு 19 பேர். தமிழ்நாட்டிலே நடந்த விபத்துகள் 64,105. விபத்தின் எண்ணிக்கையிலே நாட்டிலேயே முதலிடம் நமக்கு! மாண்டவர் 17,884 பேர். அதிலே இரண்டாம் இடம். நாளொன்றுக்கு 49 பேர். அதாவது, அரை மணிக்கு ஒருவர். தோழர் இந்தக் கட்டுரையைப் படித்து முடித்துத் தேநீர் அருந்தி எழுவதற்குள், தமிழ்நாட்டிலே எங்கோ ஒரு வீட்டின் விளக்கு அணைந்திருக்கும் என்று பொருள்.

படிப்பிலே முதலிடம் என்றால் மார்தட்டுவோம். தொழிலிலே முதலிடம் என்றால் தோள் தட்டுவோம். இந்த முதலிடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மாண்டவர் யார் யார்? அதையும் அந்தக் கணக்கே சொல்கிறது. நாடு முழுவதிலும் மாண்டவர்களிலே நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியிலே சென்றவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் நடந்து சென்றவர்கள். இரண்டையும் கூட்டுங்கள்: 64 பேர்! காரிலே செல்பவன் இரும்புக் கூட்டுக்குள்ளே, காற்றுப் பைக்குப் பின்னே அமர்ந்திருக்கிறான். நடப்பவனுக்கும் மோட்டார் சைக்கிள்காரனுக்கும் அவன் தோலே கவசம். அவன் எலும்பே அரண். வயதைப் பார்த்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது. மாண்டவர்களிலே நூற்றுக்கு 66 பேர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். உழைக்கும் வயது. குடும்பத்தின் உலையிலே அரிசி போடும் வயது. பிணம் ஒன்று விழுகிறது. பசி ஐந்தாக எழுகிறது!

சரி, இந்த விதி ஏன் கார்காரன் தலையிலே குறைவாகவும், கால்நடையாகச் செல்பவன் தலையிலே அதிகமாகவும் எழுதப்படுகிறது? எழுதுகிறவனுக்கும் வர்க்க பேதம் உண்டோ? இல்லை, தோழர்களே! இதை எழுதியது விதியல்ல, வீதி. வீதியை வரைந்தவன் எழுதுகோல்!

பூசணிக்காயும் மனுநீதியும்

விபத்தைத் தடுக்க நம் மக்கள் என்ன செய்கிறார்கள்? புது வண்டியின் சக்கரத்துக்கு அடியிலே எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். ஆயுதபூசையன்று நடுச்சாலையிலே பூசணிக்காயை உடைக்கிறார்கள். கண்ணேறு கழிகிறதாம்! அந்தப் பூசணித் துண்டிலே சக்கரம் வழுக்கி மோட்டார் சைக்கிள்காரன் விழுகிறான். விபத்தைத் தடுக்க உடைத்த பூசணியே விபத்துக்கு வித்து! நம்பிக்கையை நாம் இங்கே நையாண்டி செய்ய வரவில்லை. நம்புகிறவர் நம்பட்டும். சாலையிலே உடைக்காமல் ஓரமாக வைத்து நம்பட்டும்!

நம் நாட்டிலே சொல்லப்படும் பழைய கதை ஒன்று உண்டு. திருவாரூர் வீதியிலே அரசிளங்குமரன் தேரேறிச் செல்கிறான். துள்ளி வந்த கன்று தேர்க்காலிலே சிக்கி மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. மனுநீதிச் சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்பது கதை. வரலாறா, கற்பனையா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சோழனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே சிலை வைத்திருக்கிறோம். எதற்காக? சாலை விபத்துக்கு!

ஆம், தோழர்களே, அது ஒரு சாலை விபத்து வழக்குதான். அந்த வழக்கிலே மன்னன் என்ன சொல்லியிருக்கலாம்? ‘கன்று கடக்க முயன்றது’ என்று சொல்லியிருக்கலாம். ‘பசு தன் கன்றைக் கட்டி வைத்திருக்க வேண்டும்’ என்று சொல்லியிருக்கலாம். ‘விதி’ என்று கைவிரித்திருக்கலாம். சொல்லவில்லை. என் வீதியிலே ஓர் உயிர் போனால் பொறுப்பு எனக்கு என்றான். தலைக்குத் தலை என்ற தண்டனை நமக்கு வேண்டாம். அது அந்தக் காலத்து முறை. நமக்கு வேண்டுவது அந்தப் பொறுப்பு. மணியை அடித்தால் யாராவது ஒருவர் எழுந்து வரவேண்டும் என்ற அந்த உறுதி.

வேகம் என்னும் வேங்கை

விபத்தின் வேர் எது? வேகம். 2022ஆம் ஆண்டுச் சாவுகளிலே நூற்றுக்கு 71க்குக் காரணம் மிதமிஞ்சிய வேகம் என்று அந்த அரசுக் கணக்கே பகர்கிறது.

வேகத்தைப் பற்றி எளிய பாடம் ஒன்று. வேகம் இரண்டு மடங்கானால் அடியும் இரண்டு மடங்கு என்று எண்ணுகிறோம். இல்லை, நான்கு மடங்கு! மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திலே மோதுவது, ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, ஒரு மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். எலும்பு முறியலாம், பிழைக்க வாய்ப்பு உண்டு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலே மோதுவது, 14 மீட்டர் உயரத்திலிருந்து, நான்கு மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். நான்காவது மாடியிலிருந்து விழுந்தவனைப் பார்த்து யாரும் ‘எப்படி இறந்தான்?’ என்று கேட்பதில்லை. அதே வேகத்திலே கார் மோதினால் மட்டும் விதியின் விளையாட்டாம்!

இன்னொன்று: 60 கிலோமீட்டர் வேகத்திலே ஓடும் வண்டி ஒரு விநாடியிலே 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. ஓட்டுநர் ஆளைக் கண்டு, அறிவு விழித்து, கால் பிரேக்கைத் தேடுவதற்கே ஒரு விநாடி ஆகிறது. பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளாகவே 16 மீட்டர் போய்விட்டது. உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது: சராசரி வேகம் நூற்றில் ஒரு பங்கு கூடினால், உயிர் குடிக்கும் விபத்து நூற்றில் நான்கு பங்கு கூடும். குறைத்தாலோ, அதே கணக்கிலே உயிர் மிஞ்சும்.

‘வேகத்தைக் குறைத்தால் வேலை கெடும், நேரம் வீணாகும்’ என்பார் உண்டு. அவருக்கும் கணக்குப் போட்டே பதில் தருவோம். பத்துக் கிலோமீட்டர் தூரத்தை 60 கிலோமீட்டர் வேகத்திலே கடக்கப் பத்து நிமிடம். 50 கிலோமீட்டர் வேகத்திலே பன்னிரண்டு நிமிடம். வேறுபாடு இரண்டு நிமிடம்! அந்த இரண்டு நிமிடத்தையும் அடுத்த சிக்னலிலே நின்று செலவழிக்கத்தான் போகிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு உயிர் என்பது எந்தச் சந்தையிலே நடக்கும் வியாபாரம்?

2023 நவம்பரிலே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை வேக அளவை அறிவித்தது: கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கும் கனரக வண்டிகளுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களிலே எல்லோருக்கும் 30. நல்ல அறிவிப்பு; வரவேற்கிறோம். ஆனால் ஒன்று. சாலையை விமான ஓடுபாதைபோல அகலமாக, நேராக, வழவழப்பாகப் போட்டுவிட்டு, ஓரத்திலே ஒரு பலகையை நட்டு ‘மெதுவாகப் போ’ என்றால், பலகை சொல்வதைக் கேட்பானா, பாதை சொல்வதைக் கேட்பானா? சாலையின் வடிவமே வேகத்தை அடக்கவேண்டும்.

பாலம் இருக்கிறதே!

‘ஏன், மக்களுக்காக நடைமேம்பாலம் கட்டிவைத்திருக்கிறோமே, அதிலே ஏறிப் போவதுதானே?’ என்று கேட்பார்கள். கேட்பவர் காரிலே அமர்ந்துகொண்டு கேட்கிறார் என்பது கேள்வியிலேயே தெரிகிறது! லாரி புகவேண்டும் என்பதற்காகப் பாலம் சாலைக்கு மேலே ஐந்தரை மீட்டர் உயரத்திலே நிற்கவேண்டும். அதற்கு ஏறத்தாழ நாற்பது படி ஏறவேண்டும். நாற்பது படி இறங்கவேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்தவன் ஏறுவானா? முழங்கால் வலிக்காரர் ஏறுவாரா? பிள்ளைத்தாய்ச்சி ஏறுவாளா? மாற்றுத்திறனாளி எப்படி ஏறுவார்? மின்தூக்கி வைத்த இடங்களிலே அது ஓடுகிற நாளும் உண்டு, ஓய்கிற நாளும் உண்டு. இயந்திரத்திலே ஏறி வருகிறவன் தரையிலே நேராகப் போவானாம். இரண்டு காலிலே வருகிறவன் மலையேறி இறங்கவேண்டுமாம்! இது வசதியா, தண்டனையா?

கத்திப்பாராவிலே 2008ஆம் ஆண்டு நான்கிதழ்ப் பூப்போல மேம்பாலம் விரிந்தது. பல்லாவரத்திலே 2020ஆம் ஆண்டு மேம்பாலம் எழுந்தது. பாலங்களை நாம் பழிக்கவில்லை, நெரிசலைக் குறைத்தன. ஆனால் பாலத்திலிருந்து பாய்ந்து இறங்கும் வண்டி எந்த இடத்திலே தரையைத் தொடுகிறதோ, அந்த இடத்திலேதான் நடப்பவன் கடக்க நிற்கிறான் என்பதையும் வரைபடத்திலே ஒரு புள்ளியாவது வைத்துக் குறித்திருக்கவேண்டாமா?

நடைபாதையோ? பெயர் நடைபாதை; நிலைமை தடைபாதை! மின்மாற்றிப் பெட்டி ஒன்று; தொலைபேசிப் பெட்டி ஒன்று; கடைக்காரர் நீட்டிய படிக்கட்டு ஒன்று; நிறுத்திய மோட்டார் சைக்கிள் பத்து. மீதி இடத்திலே மூடியில்லாத வடிகால். இறங்கி நடந்தால் வண்டி. ஏறி நடந்தால் குழி. இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டு நெறியோ, நடைபாதையிலே தடையின்றி நடக்க ஒன்றரை முழமல்ல, ஒரு கஜமல்ல, 1.8 மீட்டராவது அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் வந்தாலும் விலகிப் போகவேண்டும் என்பது அதன் கருத்து. நெறி ஏட்டிலே இருக்கிறது. மனிதன் ரோட்டிலே இருக்கிறான்!

இங்கே ஒரு எச்சரிக்கை. நடைபாதை என்று பேச்செடுத்ததும் சிலருக்கு நினைவு வருவது பூக்காரியின் கூடையும் இளநீர்க்காரனின் வண்டியும்தான். அவர்களை விரட்டிவிட்டால் நடைபாதை விடுதலை பெற்றுவிடும் என்று எண்ணுகிறார்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுடைய பிழைப்பைக் காக்கிறது. அளந்து இடம் ஒதுக்கிக் கொடு என்கிறது. நடக்கும் ஏழையையும் விற்கும் ஏழையையும் மோதவிட்டு, நடைபாதையை விழுங்கிய பெரும் கடையும் நிறுத்திய காரும் தப்பித்துக்கொள்ள நாம் இடம் தரமாட்டோம்.

குற்றம் மக்கள் மீதா?

‘நம் மக்களுக்கு ஒழுங்கு கிடையாது, எதிர்த்திசையிலே வண்டி ஓட்டுகிறான், சுவர் ஏறிக் குதிக்கிறான், எந்தச் சாலை போட்டு என்ன பயன்?’ என்று சலித்துக்கொள்வோர் உண்டு. தவறு செய்பவன் இல்லை என்று நாம் வாதிடவில்லை. எதிர்த்திசையிலே வருகிறவன் தன் உயிரோடும் பிறர் உயிரோடும் சூதாடுகிறான், தண்டிக்கப்பட வேண்டியவன்தான். ஆனால் அவன் ஏன் வருகிறான் என்றும் கேட்கவேண்டும். நேர்வழியிலே போனால் திரும்புமிடம் வெகு தொலைவிலே இருக்கிறது. நூறு அடியிலே இருக்கும் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்று. ஒருவன் தவறினால் அது அவன் ஒழுக்கக்கேடு. ஒரே இடத்திலே நாள்தோறும் ஆயிரம் பேர் தவறினால், அது அந்த இடத்தின் கேடு!

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997ஆம் ஆண்டு ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் தவறுவான், அது இயற்கை. தவறியவன் சாகவேண்டும் என்பது இயற்கையல்ல. ஆகவே தவறினாலும் உயிர் தப்பும்படி சாலையை அமை. சாலையிலே ஒரு சாவும் கூடாது என்பதே இலக்காகட்டும் என்றது. அமெரிக்காவின் நியூயார்க் நகரிலே குவீன்ஸ் பூலவார்ட் என்று ஒரு பெருஞ்சாலை. நம் ஜி.எஸ்.டி. சாலைக்கு அண்ணன், பன்னிரண்டு வரிசை வண்டி ஓடும் அகலம். மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாவுச் சாலை’. அந்த நகராட்சி மக்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. வேக அளவைக் குறைத்தது. கடப்பதற்கு நேரம் கூட்டியது. 2015 முதல் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் தனி இடம் வகுத்தது. அங்கே ஆனது இங்கே ஆகாதா? 2019ஆம் ஆண்டு தியாகராய நகர்ப் பாண்டி பஜாரிலே நடைபாதையை அகலமாக்கியபோது, வண்டிக்காரர் ஒப்பமாட்டார், கடைக்காரர் பிழைக்கமாட்டார் என்றார்கள். இன்று போய்ப் பாருங்கள்! குழந்தை கைபிடித்து நடக்கிறது. முதியவர் உட்கார்ந்து இளைப்பாறுகிறார். மக்கள் மாறவில்லை, பாதை மாறியது. பாதை மாறியதும் மக்கள் தாமே மாறினார்கள்!

சட்டம் இருக்கிறது, சாட்டை எங்கே?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலே 198ஏ என்று ஒரு பிரிவு. சாலையை முறைப்படி வடிவமைக்காமல், முறைப்படி கட்டாமல், முறைப்படி பேணாமல் விட்டதால் சாவோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரம், ஒப்பந்தக்காரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. தலைக்கவசம் அணியாதவனை நாற்சந்தியிலே நிறுத்திச் சீட்டுக் கிழிப்பதை நாள்தோறும் காண்கிறோம்; கிழிக்கட்டும். குழியை மூடாதவனுக்கு, விளக்கு ஏற்றாதவனுக்கு, கடக்க வழி வைக்காதவனுக்குச் சீட்டுக் கிழித்ததைக் கண்ட தோழர் உண்டா?

கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர், முறிந்த எலும்புகளை ஒட்டி ஒட்டி மனம் நொந்து, 2012ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத்தின் படியேறினார். அந்த வழக்கிலே 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதை மக்களின் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் கூறு என்று நீதிமன்றம் உரைத்தது. ஆக, நடைபாதை கேட்பது சலுகை கேட்பதல்ல, உரிமை கேட்பது!

அடிபட்டவனைக் காக்க அரசு முன்வந்திருக்கிறது. 2021 டிசம்பரிலே தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. ஊர் எது, நாடு எது என்று கேட்காமல் அளிக்கிறது. பாராட்டுகிறோம். ஆனால் கிணற்றிலே விழுந்தவனைத் தூக்கக் கயிறு வைத்தால் போதுமா? கிணற்றுக்குச் சுவர் வேண்டாமா? அந்தச் சுவரைத்தான் கேட்கிறோம்.

சுவரைக் கட்டப் பணமில்லை என்பதல்ல குறை. கட்ட ஒரு கை இல்லை! சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, வடிகாலும் விளக்கும் மாநகராட்சிக்கு, மின்மாற்றி மின்வாரியத்துக்கு, பஸ் போக்குவரத்துக் கழகத்துக்கு, சிக்னல் காவல்துறைக்கு. ஐந்து கை இருக்கிறது; அடிபட்டவன் வீட்டுக்குப் பதில் சொல்ல ஒரு வாய் இல்லை!

நாம் கேட்பது

ஒன்று: கத்திப்பாரா முதல் தாம்பரம் வரை இந்தச் சாலையின் உயிர்க்காப்புக்கு ஒரே பொறுப்பாளர் வேண்டும். அவர் பெயரும் பதவியும் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் பலகையிலே எழுதப்படவேண்டும். அதுவே நம் ஆராய்ச்சி மணி!

இரண்டு: ரயில் நிலையம், மருத்துவமனை, பள்ளி, சந்தை, தொழிற்சாலை வாயில் ஒவ்வொன்றின் எதிரிலும், தரை மட்டத்திலேயே, சிக்னலோடு கடக்கும் வழி வேண்டும். சாலை 30 மீட்டர் அகலம் என்றால், வேகமாக நடப்பவனுக்கு 25 விநாடி போதும். அந்த அம்மையாருக்கு 40 விநாடி வேண்டும். அம்மையாரை அளவுகோலாக வைத்து நேரம் ஒதுக்குங்கள். நடுவிலே நின்று மூச்சு வாங்கத் திட்டு அமையுங்கள்.

மூன்று: கடக்கும் இடத்திலே பாதையை மேடாக்கி, வண்டி தானே தணியச் செய்யவேண்டும். வர்ணமடித்த வேகத்தடையும் முன்னறிவிக்கும் விளக்கும் சேர்ந்தே வரவேண்டும். இருட்டிலே மறைந்திருக்கும் வேகத்தடையும் ஒரு கொலைக்கருவியே.

நான்கு: பஸ்ஸுக்கு நிற்க இடம் வேண்டும். ஷேர் ஆட்டோவுக்குத் தனி இடம் வேண்டும். இரண்டும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்வதால்தான் பஸ் நடுச்சாலையிலே நிற்கிறது, பயணி ஓடிவந்து ஏறுகிறான், ஓடும்போது வீழ்கிறான்.

ஐந்து: எந்த இடத்திலே எத்தனை பேர், எந்த நேரத்திலே, எதனால் மாண்டார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கவேண்டும். கணக்குக் காட்டாத கடையை நம்பலாமா?

கழகத் தோழனுக்கு ஒரு சொல்

ஊரைக் கேட்டோம், அரசைக் கேட்டோம். நம்மை நாம் கேட்கவேண்டாமா?

2019 செப்டம்பரிலே, பள்ளிக்கரணைச் சாலையிலே, வேலை முடித்து வீடு திரும்பிய இளம்பெண் ஒருத்தி, 23 வயதுப் பொறியாளர், அரசியல் பிரமுகர் வீட்டு மணவிழாப் பதாகை சரிந்து விழ, நிலைதடுமாறி, பின்னே வந்த தண்ணீர் லாரியின் சக்கரத்திலே மாண்டாள். அந்தப் பதாகை எந்தக் கட்சிக்காரருடையது என்பதல்ல இங்கே கேள்வி. நாம் கட்டாத பதாகையா? நாம் மறிக்காத சாலையா? மாநாட்டுக்குப் போகும்போது, கொடி கட்டிய மோட்டார் சைக்கிளிலே, மூன்று பேர் ஏறி, தலைக்கவசமின்றி, முழக்கமிட்டுப் பறக்கும் தோழனைக் கண்டு நாம் கைதட்டியதில்லையா? 2022ஆம் ஆண்டு, தலைக்கவசம் அணியாததால் மாண்டவர் என்று கணக்கிலே ஏறியவர் 50,029 பேர். தலையைக் காக்காதவன் தலைவனை எப்படிக் காப்பான்?

ஆகவே தோழர்களே, சாலையோரத்திலே பதாகை வேண்டாம். தலைக்கவசமின்றி ஊர்வலம் வேண்டாம். அடிபட்டவனைக் கண்டால் ஒதுங்கிப் போகவேண்டாம். 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. உதவியவன் பெயரைக்கூடச் சொல்லும்படி யாரும் வற்புறுத்த முடியாது. 108ஐ அழையுங்கள், அருகே நில்லுங்கள். வார்டுதோறும் நான்கு பேர் சேர்ந்து, ஒரு மாலை நேரம் சாலையோரம் நில்லுங்கள். எத்தனை பேர் கடக்கிறார்கள், எங்கே கடக்கிறார்கள், எத்தனை நேரம் காத்திருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். 2022 நவம்பர் முதல் நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கத் தொடங்கியிருக்கின்றனவே, அந்தக் கூட்டத்திலே எழுந்து, அந்தத் தாளைப் படியுங்கள். உரத்த குரலிலே படியுங்கள். முழக்கத்தை மறுக்கலாம், எண்ணிக்கையை மறுக்க முடியாது!

அந்த அம்மையார் நாளை மாலையும் அந்தச் சுவரின் மீது உட்கார்ந்துதான் காலை எடுத்துவைக்கப் போகிறார். நாளை மறுநாளும் அப்படித்தான். ‘விதி நல்லா இருந்தா’ என்றாரே, அந்தச் சொல் இன்னும் நம் காதிலே ஒலிக்கிறது. அவருக்கு நாம் சொல்லவேண்டிய பதில் ஒன்றுதான்: அம்மா, விதியை நம்மால் மாற்ற முடியுமோ முடியாதோ, வீதியை மாற்ற முடியும். மாற்றுவோம். அதுவரை அந்த மணியை அடித்துக்கொண்டே இருப்போம்!